கார்த்திகையில் அறுக்காதே

மகனே, இதை உன் கையில் கொடுத்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "படிச்சிட்டேன்பா" என்பாய். போன வருடம் எழுதிய இரண்டு கடிதங்களும் அப்படித்தான் போயின. துணி துவைக்கும்போது உன் அம்மா கையில் கூழாக வந்தன. அதனால் இந்த முறை நம் தாராவிப் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதக் கொடுத்துவிட்டேன். தெருவில் நாலு பேர் படித்துவிட்டு "உங்க அப்பா என்னமோ எழுதியிருக்காரேடே" என்று கேட்டால் நீ படித்தே ஆக வேண்டும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். பரவாயில்லை, மெதுவாகப் படி. இன்று சனிக்கிழமை. நீ ரத்தினகிரிக்கு ஸ்டீமர் ஏறுவது திங்கட்கிழமை. இரண்டு நாள் போதும்.

நீ ஒளித்துவைத்த தாளை நான் பார்த்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில் புதுச் சட்டைகளுக்கு அடியில், அதுவும் செய்தித்தாள் விரிப்புக்குக் கீழே ஒரு ஆபீஸ் கடிதத்தை ஒருவன் வைப்பானேன்? மறைக்க ஒன்றுமில்லாதவன் மேசைமேல் வைப்பான். மகன் பெட்டியைத் திறக்கலாமா என்று உன் அம்மா கேட்டாள். திறந்தேன், அதற்கு வெட்கப்படவில்லை. என் இங்கிலீஷ் உன் காலேஜ் இங்கிலீஷ் அல்ல, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற இங்கிலீஷ். இரண்டு பக்கத் தாளுக்கு நாலு நாள் ஆயிற்று. அதில் இருந்தது இதுதான். ரத்தினகிரிக் கரை முழுவதும் பாறைகளில் உள்ள கட்டக்கோரையை நவம்பர் மூன்றாம் வாரத்தில் அறுக்கத் தொடங்க வேண்டும், முப்பது நாளில் முடிக்க வேண்டும், வேரோடு பிடுங்கினால் எடை கூடும், மேற்பார்வை நீ.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டக்கோரை என்பது பாறையில் முளைக்கும் பழுப்புக் கடற்பாசி. ஒரு கை நீளம் முதல் இடுப்பளவு வரை வளரும். சின்னச் சின்ன இலையும், மணி மணியாகக் குமிழும் இருக்கும். ஊரில் தென்னைக்கு உரமாகப் போட்டோம். இப்போது அதைக் காய்ச்சி மாவாக்கி, துணி மில்லில் சாயக் கூழ் கெட்டியாக அதில் கலக்குகிறார்கள். அந்தக் கூழைக் கிண்டித்தான் நான் உன்னை பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்தேன்.

தாளைப் படித்து முடித்த அன்று சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். "நவம்பர்னு யாருல சொன்னது?"

"ஆபீஸ் ஆர்டர்பா. நான் எழுதினதா?"

"நீ பாட்டனி படிச்சவன்தானே? கண்ணு இல்லையா?"

"ஆறு மாசம் புரொபேஷன். வாயைத் திறந்தா சலோ, வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவான். உங்களுக்கு என்னப்பா, யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பால்காரன் மேல சந்தேகம், போஸ்ட்மேன் மேல சந்தேகம், இப்போ பாசிக்கும் சந்தேகமா?"

"பால்காரன் தண்ணி ஊத்துதாம்லே. அது சந்தேகமில்ல, ருசி."

நீ சிரித்துவிட்டு வெளியே போய்விட்டாய். நான் சிரிக்கவில்லை. செம்பூரில் பெண் கொடுக்கச் சம்மதித்தவர்கள் உன் முகத்தைப் பார்த்துச் சம்மதிக்கவில்லை, இந்த வேலையைப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். வேலை போனால் அதுவும் போகலாம். அது தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தப்பான மாதத்தைக் கம்பெனிக்குச் சொன்னது உன் காலேஜ் வாத்தியாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பாசியைப் பார்த்து நான் குறித்துவைத்த நோட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை உன்னிடம் சொல்லியனுப்பி, வாங்கி வைத்துக்கொண்டு, "இண்டரஸ்டிங்" என்று ஒரு வார்த்தையோடு திருப்பியனுப்பியவர் அவர். அந்த வார்த்தைக்கு அகராதியில் நல்ல அர்த்தம்தான் போட்டிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன அர்த்தம் அகராதியில் இல்லை. பிறகு உன் மேல் சந்தேகப்பட்டேன். நோட்டை நீதான் கம்பெனிக்குக் காட்டினாயோ, அவசரத்தில் தப்பாகப் படித்துச் சொன்னாயோ என்று. அந்த நோட்டு எப்படி வந்தது என்பதை நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. இப்போது கேள்.

நான் மில்லின் கலர் ரூமுக்கு மாறிய வருடம், கூழில் போடுகிற அந்த மாவு எதிலிருந்து வருகிறது என்று கலர் மாஸ்டரிடம் கேட்டேன். "மதராசி, தேரா காம், உன் வேலை கிண்டுறது. கிண்டு" என்றார். கேள்வி கேட்டவனுக்கு அதுதான் பதில் என்றால், பதிலை நானே தேடிக்கொள்வேன். மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டு வந்து, பழைய புத்தகக் கடையில் ஒரு செடிநூலை வாங்கி, அகராதியோடு உட்கார்ந்தேன். எங்கள் தூத்துக்குடிக் கரையில் காலில் சிக்குகிற கட்டக்கோரைதான் அது என்று தெரிந்தபோது எனக்கு வந்தது சந்தோஷமில்லை, ஆத்திரம். நாங்கள் உரத்துக்கு அள்ளிப் போட்டதை ஒருவன் மாவாக்கி எங்களிடமே கிண்டச் சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாஹிம் காஸ்வே வழியாகப் பாந்த்ராப் பாறைகளுக்கு நடக்கத் தொடங்கினேன். துணியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதற்கு மில்லில் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு சின்னப் பூதக்கண்ணாடி உண்டு. உடைந்தது என்று ஒதுக்கிய ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு பாறையில் குப்புறக் கிடப்பேன். காசிம் பாய் சில நாள் துணைக்கு வருவார். காயல்பட்டினத்துக்காரர், நம் தெருக்கோடியில் தோல் பட்டறை வைத்திருப்பவர், உனக்குத் தெரிந்தவர்தான். "அண்ணாச்சி, ஜனங்க கடலப் பாக்க வராங்க, நீங்க கல்லப் பாக்க வாறிய" என்பார். சொல்லிவிட்டுத் தானும் வேட்டியை மடித்துக்கொண்டு குனிவார்.

இனிச் சொல்லப்போவதை ஏழு வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. காசிம் பாய்க்குப் பாதி தெரியும்.

அந்த மாவை விற்க ஒரு ஏஜெண்ட் மில்லுக்கு வந்தார். நல்ல கோட்டு, பைக்குள் சின்ன டைரி. மேற்குக் கரையிலும் இந்தப் பாசி கிடைக்குமா, எந்த மாதம் எடுக்கலாம் என்று கலர் மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் விழித்தார். மூலையில் கூழ் கிண்டிக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "நான் கடற்கரைக்காரன், எனக்குத் தெரியும்" என்றேன். எங்கள் கரையில் தென்னைக்காரர்கள் கார்த்திகை பிறந்த பிறகுதான் கட்டக்கோரை அள்ளுவார்கள். அதற்குள் அது காய்த்து உதிர்த்திருக்கும், அடுத்த வருடத்துக்குக் குறை வராது. அது ஊர் வழக்கம். நான் கேட்டு வளர்ந்தது அது. அதையே சொன்னேன், "நவம்பர்லே எடுக்கலாம் சாப், காய் உதிர்ந்திருக்கும்" என்று. அவர் டைரியில் எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றை ஒரு கோட்டுக்காரன் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கலர் மாஸ்டர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

சொன்னதோடு விட்டேனா? ஒரு மூட்டை மாதிரி அனுப்புகிறேன் என்றேன். அந்தக் கார்த்திகையில் நானும் காசிம் பாயும் பாந்த்ராவில் நம் வீட்டு அறை அகலமுள்ள ஒரு பாறையை மொட்டையடித்தோம். காசிம் பாய்தான் கேட்டார், "அண்ணாச்சி, இது காய்ச்சிருச்சா?" நான் மணி மணியாக இருந்த குமிழைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு காய்" என்றேன். அந்தக் குமிழ் காயில்லை, மகனே. அது வெறும் காற்றுப் பை, செடியைத் தண்ணீரில் நிமிர்த்தி வைப்பதற்கு. காய் வேறு. இலைக் காம்பின் இடுக்கில், சீரகம் அளவில், முடிச்சு முடிச்சாக ஒரு சின்னக் கொத்து வரும். அதில் ஊசி குத்தினாற்போல் துளைகள் இருக்கும். முட்டை அந்தத் துளைக்குள் முதிர்ந்து வெளியே வரும். அன்று அந்தப் பாறையில் ஒரு கொத்துகூட இல்லை. கையில் கண்ணாடி இருந்தது, நான் குனிந்து பார்க்கவில்லை. கடற்கரைக்காரனுக்குக் கண்ணாடி எதற்கு என்ற எண்ணம். அறுக்கச் சோம்பல்பட்டு வேரோடு பிடுங்கினோம்.

அடுத்த வருடம் அந்தப் பாறையில் பச்சை வழுக்கலும் கிளிஞ்சலும்தான். அதற்கடுத்த வருடமும் அதேதான். பத்தடி தள்ளியிருந்த குழியில், நாங்கள் தொடாத இடத்தில், கட்டக்கோரை இடுப்பளவு நின்றது. அது முதல் வருடத் தையிலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்ததைப் பார்த்தேன். கார்த்திகையில் அல்ல, தையில்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இங்கே ஆனி, ஆடியில் கடல் பேயாக அடிக்கிறது. இருக்கிற செடியெல்லாம் கிழிந்து, வேர்க்கட்டை மட்டும் மிஞ்சுகிறது. புரட்டாசியில் தண்ணீர் தெளிந்த பிறகுதான் அதிலிருந்து புதுத் தளிர் வருகிறது. கார்த்திகையில் அது குமரிகூட இல்லை, குழந்தை. எங்கள் கரையில் காற்றும் மழையும் வேறு கணக்கு, அதனால் காய்ப்பும் வேறு கணக்கு. நான் தூத்துக்குடியின் மாதத்தைக் கொண்டுவந்து பாந்த்ராப் பாறையில் மாட்டினேன். பம்பாய்க்கு வந்து இருபது வருடமாகியும் பொங்கலுக்கும் அமாவாசைக்கும் பார்க்கிற அதே பஞ்சாங்கத்தைக் கடலுக்கும் பார்த்தேன். இந்தத் தப்பை ஒரு மராட்டிய மீனவன் செய்யமாட்டான். நம்மைப் போல வந்தவன்தான் செய்வான்.

அதன் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்து, நோட்டில் எழுதத் தொடங்கினேன். தை மாதம் ஒருநாள் காய்த்த செடி ரெண்டைக் கடல் தண்ணீரோடு மண்ணெண்ணெய் டின்னில் தூக்கி வந்து, வீட்டுத் துத்தநாகத் தொட்டியில் விட்டது உனக்கு நினைவிருக்கும். உனக்கு மெட்ரிக் பரீட்சை, நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தாய். உன் அம்மா, "ஊர்ல எல்லாரும் மீனக் கொண்டாருதாவ, நீங்க குப்பையக் கொண்டாருதீய" என்றாள். மூன்றாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் பழுப்புப் பொடி தூவினாற்போல் இருந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பொடியில்லை. ஒவ்வொன்றும் ஒரு உயிர், கூர்ப்பான பக்கத்தைக் கீழே ஊன்றி நின்றது. ஆண் தாது என் கண்ணாடிக்குத் தெரியாது, அதைப் புத்தகத்தில்தான் படித்தேன். ஆனால் இதை நான் கண்ணால் கண்டேன். நான் மில்லுக்குப் போன பிறகு உன் அம்மா தொட்டியைக் கழுவியிருக்கிறாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. "இது என்ன சனியன், ஒட்டுனா விடமாட்டேங்கு. உங்கள மாதிரியே" என்று அன்று முழுவதும் திட்டினாள். நான் அவளைக் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமலிருந்தேன். அதுவும் என் தப்புதான். அவள் தேய்த்ததால்தான் அது எப்படிப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தத் தொட்டி சொன்ன பாடத்தை நீ கவனி. முட்டை எங்கேயும் பறந்து போவதில்லை. தாய் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே விழுந்து ஒட்டுகிறது. காய்த்த கிளை எப்போதாவது அறுந்து மிதந்து வேறு பாறைக்குப் போனால் உண்டு. அதை நம்பி ஒரு கரையை மொட்டையடிக்க முடியாது. இங்கே அறுத்தால் பக்கத்துப் பாறையிலிருந்து வந்து முளைத்துக்கொள்ளும் என்று உன் மேலதிகாரி சொல்வார். பத்தடி தள்ளி இடுப்பளவு காடு நிற்க, நான் பிடுங்கிய பாறை இன்றைக்கும் மொட்டையாகத்தான் கிடக்கிறது. நம்பாவிட்டால் நாளை ஞாயிற்றுக்கிழமை, போய்ப் பார்.

ஒரே கரையிலும் எல்லாப் பாறையும் ஒன்றில்லை. அலை நேராக மோதுகிற வெளிப்பாறையில் செடி குட்டையாக, தோல் மாதிரி இருக்கும். காய் முதிர்ந்தாலும் அலை அடிக்கிற நாளில் முட்டையை விடாது. கடல் அடங்கி, தண்ணீர் அசையாமல் நிற்கிற நாள் பார்த்துத்தான் விடுகிறது. நான் தொடர்ந்து பார்த்த நாலு வருடமும் அப்படித்தான். உள்ளே குழியில் தேங்கிய தண்ணீரில் நிற்பது முந்திக்கொள்ளும். மேல் விளிம்பில் நிற்பது, மாசி வெயிலில் தண்ணீர் வற்றும்போது கருகிவிடும். அதற்கு முன் அவசர அவசரமாகக் கொஞ்சம் காய்த்து முடிக்கும். மாஹிம் கழிமுகத்துப் பக்கம், ஊர்த் தண்ணீரும் சேறும் வருகிற இடத்தில், காய்த்தாலும் பயனில்லை. முட்டை சேற்றின் மேல் விழுகிறது, சேறு அடுத்த அலையில் போகிறது, முட்டையும் கூடப் போகிறது. கல் சுத்தமாக இருந்தால்தான் பிடிப்பு. செடி ஒன்றுதான், அது நிற்கிற இடம் அதன் பிள்ளைப்பேற்றை மாற்றுகிறது. ஒரு கரை முழுவதற்கும் ஒரு தேதி போட்டவன் எவனாக இருந்தாலும் அவன் பாறையைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்திருக்கிறான்.

அப்படித்தான் நினைத்து, உன் தாளை மறுபடி எடுத்து, அந்த மேசைக்காரன் யாரென்று கண்டுபிடிக்க வரி வரியாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. உள்ளூர் மீனவர் ஒருவரின் அனுபவப்படி இப்பாசி நவம்பருக்குள் காய் உதிர்க்கும் என்றும், பாந்த்ராப் பாறையில் எடுத்த ஒரு மூட்டை மாதிரி தரமாக இருந்தது என்றும். அகராதியை மூடிவிட்டேன். அந்த உள்ளூர் மீனவன் நான்தான். நான் உள்ளூருமில்லை, மீனவனுமில்லை. கலர் ரூமில் பெருமைக்காக வாயைத் திறந்த ஒருவன். அந்த ஏஜெண்ட் அடுத்த வருடமும் மில்லுக்கு வந்தார். மொட்டைப் பாறையை நான் பார்த்துவிட்ட பிறகுதான் வந்தார். "எப்படி, நவம்பர்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கலர் மாஸ்டர் பக்கத்தில் நின்றார். நான் தலையாட்டினேன். தெரியாமல் சொன்னதை மன்னிக்கலாம். தெரிந்து தலையாட்டியது வேறு.

வாத்தியாரைச் சந்தேகப்பட்டது தப்பு. உன்னைச் சந்தேகப்பட்டதும், அந்த ஒரு விஷயத்தில் மட்டும், தப்பு. தாளை ஏன் ஒளித்துவைத்தாய் என்பதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். மாட்டுங்காவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கும் நண்பரிடம் சொல்லி, இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்து, வியாழக்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் உன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். நவம்பர் என்று சொன்னவன் நான், அது பிழை, மறுவருடம் கேட்டபோது பிழை என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன், அந்த மூட்டை எடுத்த பாறையை வந்து பாருங்கள், நானே காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் தபாலாபீஸ் வாசலில் வந்து கையைப் பிடித்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. உன் பெயரை அதில் எழுதவில்லை. நம் வீட்டு விலாசமும் போடவில்லை, காசிம் பாய் பட்டறை விலாசம் போட்டேன். அவர் யோசித்துவிட்டு, "போடுங்க அண்ணாச்சி. பாறைய மொட்டையடிச்ச கையில என் கையும் உண்டே" என்றார். என் பெயர் உன் இனிஷியலில் இருக்கிறது. அதை மறைக்க என்னால் முடியாது. கேட்டால், யாரோ தாராவிக் கிழவன், எனக்குத் தெரியாது என்று சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேலையும் இருக்கட்டும், செம்பூர்ப் பெண்ணும் இருக்கட்டும்.

ஆனால் கம்பெனி என் கடிதத்தைக் குப்பையில் போட்டால், அந்தக் கரையில் நிற்கப்போவது நீ ஒருவன்தான். அறுக்க வந்தவர்கள் உன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது குனி. குமிழைப் பார்த்து ஏமாறாதே, இலை இடுக்கைப் பார். கொத்து இல்லையென்றால் அன்றைக்கு அறுப்பில்லை என்று சொல். கொத்து காலியாகி வாடியிருந்தால் அறுக்கச் சொல், ஒரு சாண் விட்டு மேலே. வேரை யார் தொட்டாலும் விடாதே. இதைச் சொல்ல உனக்குத் தைரியம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஏழு வருடம் எனக்கே இல்லை. அதனால் உன்னை நம்புகிறேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அது பொய்.

தை பிறந்ததும் அந்தப் பாறைகளை நானே வந்து பார்ப்பேன். சொல்லிக்கொண்டு வரமாட்டேன்.

உன் அப்பா